எட்டாம் குழாயின் அறுபத்து நான்கு எழுத்துகள்

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள். அம்மா டார்ச் பிடித்தாள், மகள் ஸ்பானர் பிடித்தாள். பழைய வாஷர் பிய்ந்து பிய்ந்து வந்தது. புதியதை வைத்து முறுக்கி, தண்ணீரைத் திறந்து மூடி, "முடிஞ்சுது" என்றாள் மகள்.

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். சொட்டலையே, பாரேன்."

"நீ முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்க. அதுக்கு வெட்கமா இருக்கு. அந்தப் பக்கம் போ."

அம்மா தொட்டியைத் துணியால் துடைத்தாள். பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் குழாய்க்கு நேர் கீழே விரித்தாள். அரை மணி நேரத்துக்குச் சமையலறைப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்தார்கள். அரை மணி கழிந்ததும் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், முன்னும் பின்னும் தடவினாள்.

"இப்ப முடிஞ்சுது" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தில் மாதிரி பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் இதயம் நின்றது. வயது ஐம்பத்தேழு. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஆறு பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தாள், ஏழாவது கையில் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தங்கமான மனுஷி. இருக்கிற இடம் தெரியாது. யார் வம்புக்கும் போக மாட்டாள்.

பொய். அம்மா வம்புக்குப் போனவள்தான். வம்பு இருக்கிற அறையைத் தேடிக் கதவைத் தட்டிப் போனவள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு என்ன சொன்னாலும் அது வேறு யாரைப் பற்றியோ சொன்னதாகும்.

நகரத்துத் தண்ணீர் வாரியத்தில் அவள் ஆய்வக உதவியாளர். இரண்டு அறை, நான்கு பேர், ஒரு மேலாளர். ஊரில் பதினான்கு இடங்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, வேன் ஓட்டுநர் காலையில் பாட்டில்களைக் கொண்டுவந்து இறக்குவார். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறமே வராவிட்டால் அந்தக் குழாயில் கிருமியைக் கொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் நோட்டில் எழுதிவிட்டு ஏற்றுவார்கள். இரட்டை வேலை எதற்கு என்று மேலிடம் நோட்டை நிறுத்திவிட்டது.

ஆபீஸில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். பாட்டிலில் ஒரு சொட்டு சிந்தியிருந்தாலும் மாதிரியைக் கொட்டிவிட்டு வேனைத் திருப்பி அனுப்புவாள். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

ஒரு மாதக் கடைசியில், அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அறிக்கையைப் பார்த்தாள். மூன்றாம் குழாய்க்கு ஒரு நாள் 0.3 என்று இருந்தது. அவள் ஏற்றியது 0.1. நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த நம்பர் நான் போட்டதில்லை."

மேலாளர் நல்ல சிரிப்புக்காரர். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். "மாசம் நானூறு நம்பர் போடறீங்க அக்கா. எல்லாம் ஞாபகம் இருக்குமா? வயசாகுதுல்ல. எனக்கே காலையில சாப்பிட்டது மறந்துபோகுது."

"எனக்கு நீங்க சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கு சார். ரெண்டு வாழைப்பழம்."

ஆனால் கையில் சான்று எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் மகளுக்கு ஃபோன் செய்தாள். மகள் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்கக் கருப்புத் திரையில் கட்டளை அடிப்பவள்.

"ஏண்டி, ஒரு ஃபைலை நான் மூடி வச்சப்புறம் யாராவது தொட்டா எனக்குத் தெரியணும். என்ன வழி?"

"பாஸ்வேர்ட் போடு."

"பொது ஃபோல்டர்டி அது. சாவி அவர்கிட்டயும் இருக்கு. எனக்குப் பூட்டு வேண்டாம். தொட்டா தெரியணும், அவ்வளவுதான்."

"அப்ப ஹாஷ் எடு. ஃபைலோட கைரேகை மாதிரி. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மொத்தமா மாறிடும். உங்க லேப்ல லினக்ஸ்தானே? எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. apropos checksum-னு அடிச்சுப் பாரு, அதுக்கான கட்டளைப் பேரெல்லாம் காட்டும். மீட்டிங் இருக்கும்மா, வச்சிடறேன்."

மகள் செய்த உதவி அவ்வளவுதான். ஒரு நிமிடம் பத்து வினாடி. அழைப்புப் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

மீதியை அம்மாவே தேடினாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், லினக்ஸ் போட்டுக் கொடுத்த வருடம் பயிற்சியில் தந்த நாலு பக்கத் தாளை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு கருப்புத் திரையைத் திறந்தாள். மகள் சொன்னதை அடித்தாள். முக்கியமாக இரண்டு பெயர் வந்தன: sum, cksum. இரண்டையும் ஒரு கோப்பின் மேல் ஓட்டிப் பார்த்தாள். முதலாவது ஐந்து இலக்கம் கொடுத்தது. இரண்டாவது பத்து இலக்கம்.

"ஃபோன் நம்பர் மாதிரி இருக்கு" என்றாள் மகளிடம். "ராங் நம்பர் வராதுன்னு என்ன நிச்சயம்?"

அப்போதும் மகள் ஏதோ அவசரத்தில் இருந்தாள். "வேற இருக்கும்மா. தேடு."

எப்படித் தேடுவது? அம்மா யோசித்தாள். இரண்டு பெயரும் sum என்று முடிகின்றன. வாலில் மூன்று எழுத்து ஒன்றாக இருந்தால் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் குடும்பத்தில் இன்னும் ஆள் இருப்பார்கள். கட்டளைகள் எல்லாம் எந்தக் கோப்புறையில் குடியிருக்கின்றன என்று பயிற்சித் தாளில் இருந்தது. பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது எப்படி என்றும் இருந்தது. ls /usr/bin | grep sum என்று இரண்டு விரலால் அடித்தாள். மொத்தக் குடும்பமும் வாசலில் வந்து நின்றது: md5sum, sha1sum, sha224sum, sha256sum, sha384sum, sha512sum, b2sum.

ஒவ்வொன்றையும் அதே கோப்பின் மேல் ஓட்டி, எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணினாள். man என்று அடித்து ஒவ்வொன்றின் கையேட்டையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். md5sum கையேட்டின் அடியில் ஒரு வரி இருந்தது: பாதுகாப்பு தொடர்பான வேலைக்கு இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம், sha256sum போன்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

அன்றைக்கு ஃபோனில் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. "என்னை நம்பாதே, பக்கத்து வீட்டுக்காரனை நம்புன்னு தானே எழுதி வச்சிருக்குடி! எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் உண்டா?"

"சரி, எதை எடுத்துக்கப் போற?"

"256. அறுபத்து நாலு எழுத்து."

"512 இன்னும் நீளம். நூத்து இருபத்தெட்டு."

"வாட்ச்மேன் கட்டத்துல அடங்காது."

மகளுக்கு அப்போது புரியவில்லை. விஷயம் இதுதான். வாரியக் கட்டடத்தை விட்டுக் கிளம்பும் எல்லோரும் வாசலில் வாட்ச்மேனின் பெரிய பதிவேட்டில் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். குடை எடுத்துச் செல்கிறார், பை எடுத்துச் செல்கிறார் என்று எப்போதாவது யாராவது எழுதுவார்கள். மற்றபடி காலியாகக் கிடக்கும். அம்மா தினமும் சாயங்காலம் அன்றைய கோப்பின் ரேகையைத் துண்டுத்தாளில் எழுதிவந்து, அந்தக் கட்டத்தில் இரண்டு வரியாக மடக்கிப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது, பூச்சிமருந்து பேரு மாதிரி?" என்றார் வாட்ச்மேன்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"உங்க நோட்டுல எழுதிக்கக் கூடாதா? என் ஏடு அசிங்கமாகுது."

"என் நோட்டுல எழுதினா, நானே வேணுங்கறப்ப எழுதிக்கிட்டேம்பாங்க. உங்க ஏட்டுல எனக்கு மேல ஒருத்தர் கையெழுத்து, கீழ ஒருத்தர் கையெழுத்து. நடுவுல சொருக முடியுமா?"

வாட்ச்மேன் யோசித்தார். "என் ஏட்டுல ஒரு எறும்பு சொருக முடியாது" என்றார். அன்றிலிருந்து அந்தக் கட்டத்துக்கு அவரே காவல்.

நான்காம் நாள் காலையில் அம்மா முந்தைய நாள் கோப்பின் ரேகையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. அதற்கு முந்தைய நாளுடையதும் ஒத்துவரவில்லை. அவளுக்குக் காது சூடானது. துண்டுத்தாளோடு மேலாளர் அறைக்குப் போனாள். உள்ளே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "ஃபைலைத் தொட்டது யாருன்னு இப்ப எனக்குத் தெரியணும் சார்" என்றாள்.

மேலாளர் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தார்கள். ஒரு எண்கூட மாறவில்லை.

சாயங்காலம் மகளிடம் சொன்னபோது மகள் கேட்டாள்: "ஸ்ப்ரெட்ஷீட்டா? காலையில திறந்து சேவ் பண்ணினியா?"

"பண்ணுவேனே. திறந்தா சேவ் பண்ணித்தான் மூடுவேன். பழக்கம்."

"அதான் மாறியிருக்கு. எந்த நேரத்துல சேவ் பண்ணினங்கறதுகூட அந்த ஃபைலுக்குள்ள போய் உட்காரும். இது தெரியாதா?"

"தெரியாதுன்னுதானே உன்கிட்ட கேட்டேன். நீ ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வச்சிட்ட."



மறுநாள் அம்மா அதே அறைக்குப் போய், அதே ஆறு பேரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, "நேத்து நான் சொன்னது தப்பு. நான்தான் தொட்டிருக்கேன். மன்னிச்சிடுங்க" என்றாள். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு ஆபீஸில் அவளுடைய கோப்புதான் பேச்சு. "சொட்டக்கா, இன்னிக்கு ஃபைல் உடம்பு எப்படி இருக்கு? காய்ச்சல் விட்டுச்சா?" மேலாளர் வாட்ச்மேன் ஏட்டில் எழுதுவதை நிறுத்தச் சொன்னார். அம்மா கேட்டாள்: "குறிப்புக் கட்டத்துல என்ன எழுதக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா சார்? இருந்தா காட்டுங்க, நிறுத்திடறேன்."

அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவள் தன் வேலை முறையை மாற்றிக்கொண்டாள். அன்றன்றைய எண்களை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தாள். தலைப்பு ஒரு வரி, குழாய்க்கு ஒரு வரி, காற்புள்ளியிட்டுப் பிரித்தது. அதில் உள்ளே ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை. சேமித்தபின் தொடுவதில்லை. இன்னொன்றும் செய்தாள். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோப்பில் என்னென்ன மாறலாம் என்று தேடித் தேடிப் படித்தாள். சூடு கண்ட பூனை.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ரேகை தினமும் ஒத்துவந்தது. ஆறாம் மாதம், ஒரு புதன்கிழமை, எட்டாம் குழாய் பாட்டிலில் நிறமே வரவில்லை. மாத்திரை பழசோ என்று வேறு பட்டையிலிருந்து போட்டுப் பார்த்தாள். வரவில்லை. 0.0 என்று ஏற்றினாள். மதியம் மேலாளர் அறைக்குப் போய் வாயாலும் சொன்னாள். "பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்துக்குள் எட்டாம் குழாய் இருந்த தெருவில் பத்தொன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தது. பத்திரிகையில் வந்தது. மேலிடம் புதன்கிழமைக் கோப்பைக் கேட்டது. கோப்பில் எட்டாம் குழாய்க்கு நேரே 0.4 என்று இருந்தது.

அம்மாவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. குளோரின் அளவைத் தவறாகப் பதிந்து, உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்க முடியாமல் செய்தார்.

அவள் ஃபோனில் அழவில்லை. "அவரு என் பேர்ல எழுதிட்டாருடி, அந்தக் குழந்தையை" என்றாள். மகள் அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை, தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். நீள மேஜை, திறக்க முடியாத ஒரு ஜன்னல். விசாரணை அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த ஓர் அம்மையார். ஒரு பக்கம் மேலாளர். மறுபக்கம் அம்மா, துணைக்கு மகள். கடைசியில் வாட்ச்மேன், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்லல மேடம்" என்றார் மேலாளர். "நல்லவங்க. வயசு, கண்ணு, அவ்வளவுதான். 0.0ன்னு போட்டிருந்தா அன்னிக்கே குழாயை மூடியிருப்பேன்."

"0.0ன்னுதான் போட்டேன்" என்றாள் அம்மா. "வாயால சொன்னதுக்கு எனக்குச் சாட்சி இல்லை. போட்டதுக்கு இருக்கு."

"அந்த ரேகைதானே? மேடம், இவங்க அதை வச்சு ஏற்கெனவே ஒரு தடவை என் மேல பழி போட்டாங்க. ஆறு பேர் சாட்சி. கடைசியில இவங்களே சேவ் பண்ணினது."

"ஆமாம், அது என் தப்பு. மறுநாளே அதே ஆறு பேர் முன்னாடி சொல்லிட்டேன்."

"அதுவுமில்லாம, அந்த எழுத்துகளை வச்சு உள்ள என்ன நம்பர் இருந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது. நான் விசாரிச்சுட்டேன்."

"சார் சொல்றது சரிதான் மேடம்" என்றாள் அம்மா. "ரேகையிலிருந்து நம்பரை எடுக்க முடியாது. எடுக்க வேண்டாம். இந்த ஃபைல்ல 0.4 இருக்கற இடத்துல 0.0ன்னு போட்டுட்டு ரேகை எடுங்க. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் ஏட்டுல எழுதினதும் அதுவும் ஒண்ணா இருந்தா, அன்னிக்கு ஃபைல்ல 0.0தான் இருந்ததுன்னு அர்த்தம். நான் புளுகினா ஒத்துவராது. ஒரு புள்ளி தப்பினாலும் வராது."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "செய்யுங்க."

வாரியத்திலிருந்து முத்திரையிட்டு வந்த, அந்த மாதத்துக் கோப்புகள் எல்லாம் அடங்கிய நகலை மகளின் மடிக்கணினியில் போட்டார்கள். மகள் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே இரண்டு விரலால் அடித்தாள். புதன்கிழமைக் கோப்பில் எட்டாம் குழாயின் வரியில் நாலை அழித்துப் பூஜ்யம் போட்டாள், சேமித்தாள், sha256sum என்று அடித்தாள். அறுபத்து நான்கு எழுத்து வந்து நின்றது. வாட்ச்மேன் ஏட்டைப் பிரித்து முதல் எழுத்தைப் படித்தார்.

"நாலு."

திரையில் முதல் எழுத்து b.

வாட்ச்மேன் ஏட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "புலி வருது, புலி வருது கதைதான் மேடம்."

மகளுக்கு அந்தக் கணமே காரணம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். மேஜைக்குக் கீழே அம்மாவின் கை அவள் முழங்காலை அழுத்தியது.

"பேசாதே" என்றாள் அம்மா, உதடு அசையாமல். "நீ சொன்னா, மக சொல்லிக் குடுத்தாம்பாங்க."

மகள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் செய்ததில்லை. உட்கார்ந்திருந்தாள்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் இருக்கலாம். பிறகு அந்த மாதத்துக் கோப்புகளின் பட்டியலை வரவழைத்தாள். ஒவ்வொன்றின் அளவையும் விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் தோள் இறங்கியது.

"மேடம், ஒவ்வொரு ஃபைலும் எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. 359 எழுத்து. தினமும் அதே பதினாலு குழாய், அதே கட்டம், அதனால தினமும் 359தான். இந்தப் புதன்கிழமை மட்டும் 374. பதினஞ்சு எழுத்து அதிகம்."

"நீங்க ஒரு எழுத்தைத்தானே மாத்தினீங்க?"

"ஒண்ணை எடுத்து ஒண்ணு போட்டேன். அளவு மாறாது. இது முன்னாடியே கூடியிருக்கு. பதினாலு குழாய், ஒரு தலைப்பு, மொத்தம் பதினஞ்சு வரி. வரிக்கு ஒண்ணு. விண்டோஸ் மெஷின்ல திறந்து சேமிச்சா சில சமயம் ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் ஒரு குறி ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. எங்க லினக்ஸ்ல அது ஒட்டாது. லேப்ல இருக்கறது எல்லாம் லினக்ஸ். எங்க கட்டடத்துல விண்டோஸ் ஒரே ஒரு அறையிலதான் இருக்கு."

எந்த அறை என்று யாரும் கேட்கவில்லை. மேலாளர் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்திக்கொண்டார்.

அம்மா அந்தக் குறிகளை மட்டும் நீக்கும் கட்டளையை அடித்தாள். அளவு 359 ஆனது. மறுபடி ரேகை எடுத்தாள்.

"படிங்க" என்றார் அதிகாரி.

வாட்ச்மேன் எழுந்து நின்று படித்தார். "நாலு. சைபர். சி. ஏழு. ஏழு. ஈ…" அதிகாரி பென்சில் முனையைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். முப்பதாவது எழுத்தில் மேலாளர் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அறுபத்து நான்காவது எழுத்தில் பென்சில் நின்றது.

"அவ்வளவுதான் மேடம்" என்றார் வாட்ச்மேன். "இதுக்குக் கீழ ஓட்டுநர் 'குடை எடுத்துச் செல்கிறார்'னு எழுதியிருக்காரு. அதையும் படிக்கவா?"

அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வழி நெடுகத் தூங்கினாள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. தலைமை அலுவலகம் எழுதிய ஆணை. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. மேலாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல். போன இடத்தில் பெரிய அறை என்று ஓட்டுநர் சொன்னார். ஆணையின் கடைசி வரி இது: 'எனினும் தட்டச்சுப் பிழைக்கான வாய்ப்பை முற்றிலுமாக மறுக்க இயலாது, ஊழியர் வருங்காலத்தில் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுகிறார்.'

வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. எல்லோரும் விடு என்றார்கள். மகளும் சொன்னாள். "ஜெயிச்சிட்டம்மா. ஒரு வரிதானே?"

"அந்த ஒரு வரி இருக்கற வரைக்கும் எட்டாம் குழாயைத் தெரிஞ்சே யாரும் விடலைன்னு ஆகுதுடி. யாரோ ஒரு கிழவி விரல் தடுமாறிடுச்சு, முடிஞ்சுது கதை. பதினோரு நாள் கிடந்ததே அந்தக் குழந்தை, நாளைக்கு அதோட அப்பன் வந்து கேட்டா இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவாங்க. நான் மறுக்கிறேன். முற்றிலுமா மறுக்கிறேன்."

அந்த வரியை நீக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: பொருள் முடிந்துவிட்டது. தபாலில் அனுப்பினால் தபாலிலேயே திரும்பி வருகிறது, நேரில் போய் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் விடுப்பு கேட்டாள். கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இறந்தாள்.

எல்லாம் முடிந்தபின் ஆய்வகத்திலிருந்து அவளுடைய கைப்பையை ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். மூக்குக்கண்ணாடி, பேருந்து அட்டை, பாதி தீர்ந்த மாத்திரைப் பட்டை. ஓர் உறையில் நான்காவது கடிதம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் அதை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு பேருந்து. தரைத்தளத்தில் தபால் பிரிவு. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எழுத்தர், பக்கத்தில் முத்திரையும் மைப்பெட்டியும். அவர் கடிதத்தை ஒருமுறை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து இல்லையே?"

மகளும் அப்போதுதான் பார்த்தாள். அம்மாவின் பெயர் இருந்தது, பதவி இருந்தது, அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம். வாங்குகிறவர் கண்ணெதிரே போடுவதற்காக விட்டுவைத்திருக்கிறாள்.

"அவங்க வர முடியுமா?"

"இறந்துட்டாங்க. போன வாரம்."

எழுத்தர் முத்திரையை ஓரமாக நகர்த்தினார். கெட்டவர் இல்லை. "வருத்தமா இருக்கும்மா. ஆனா கையெழுத்து இல்லாத மனுவை நான் பதிய முடியாது. அவங்களுக்குப் பதிலா நீங்களும் போட முடியாது. இது போகாது."

"போகாதுன்னு தெரியுது."

"வேற ஒண்ணும் செய்யறதுக்கில்லம்மா."

மகள் கடிதத்தைத் திரும்ப வாங்கினாள். மடிக்கவில்லை. "அந்தக் கடைசி வரியை எழுதினது எந்தப் பிரிவு?"

"மூணாவது மாடி. அந்தப் பிரிவு அதிகாரி சாப்பிட்டு ரெண்டரைக்குத்தான் வருவார். எதுக்கு?"

சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. மாடிப்படி அங்கிருந்து நேராகத் தெரிந்தது. மகள் போய் உட்கார்ந்தாள்.

"இருக்கேன்" என்றாள்.